யாருடைய கை, யாருடைய வேதியியல்



பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் எங்கள் மாலைப் படிப்பகத்தில் ஒரே பேச்சுதான்: எந்த குரூப்? இந்த ஆண்டு அறிவியலில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய ஒரு பெண்ணை, அவள் அம்மாவோடு சேர்த்து அழைத்துக்கொண்டு ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் போனோம். சேர்க்கையைக் கவனித்த ஆசிரியர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார், சாதிச் சான்றிதழைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். "ஃபர்ஸ்ட் குரூப் எதுக்கும்மா? கெமிஸ்ட்ரில மாட்டிக்கிட்டு முழிக்கும். தொழிற்கல்வியில போடுங்க, ரெண்டு வருசத்துல நாலு காசு பாக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அக்கறைமீது எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? இரண்டு மணி நேரம் நின்று பேசித்தான் இடம் வாங்கினோம்.

திரும்பும்போது பேருந்தில் அந்த அம்மா கேட்டார்: "அந்த கெமிஸ்ட்ரின்னா இன்னாண்ணா? எங்க பாப்பாவுக்கு அது வராதுன்னு அவரு எத வச்சு சொல்றாரு?"

இரண்டாவது கேள்விக்கு எங்களிடம் பதில் தயாராக இருந்தது. முதல் கேள்வியில்தான் தடுமாறினோம். பொருள்கள் எதனால் ஆனவை, ஒன்று இன்னொன்றாக எப்படி மாறுகிறது என்று படிப்பது, அப்படி இப்படி என்று ஏதோ சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அந்த அம்மா பாலாற்றங்கரையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறவர். வேதியியல் என்றால் என்ன என்று அவருக்கு நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்!

தோல் தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை முதலில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தொட்டி. கால்சியம் ஹைட்ராக்சைடு தோலை உப்பவைக்கிறது, சல்பைடு முடியின் புரதத்திலுள்ள கந்தகப் பிணைப்புகளை அறுக்கிறது, முடி கூழாகக் கழன்றுவிடுகிறது. பிறகு சதை நீக்கி, அம்மோனியம் உப்பால் சுண்ணாம்பை வெளியேற்றி, நொதிகளில் போட்டு மிருதுவாக்கி, உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் ஊறவைக்கிறார்கள். கடைசியில் டிரம்மில் குரோமியம் சல்பேட்டோடு சுழற்றினால் தோல் நீலம் பாய்ந்து வெளியே வருகிறது. அதைத்தான் 'வெட் ப்ளூ' என்கிறார்கள். காரம், அமிலம், உப்பு, நொதி, அணைவுச் சேர்மம் என்று 11, 12ஆம் வகுப்புப் புத்தகத்தின் பாதி அங்கே தொட்டிகளில் கிடக்கிறது. குரோமியம் வருவதற்கு முன்னால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இருந்தன. பட்டையிலுள்ள டானின் தோலின் கொலாஜன் இழைகளைப் பிடித்துக்கொள்வதால் தோல் அழுகாது. இந்தச் செய்முறையை எந்தப் பல்கலைக்கழகமும் நம் மக்களுக்குச் சொல்லித் தரவில்லை. செத்த மாட்டைத் தொட்டவன் தீட்டு என்று ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள், தொட்டுத் தொட்டுக் கண்டறிந்தது அது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'எங்கள் பாட்டன்கள் எல்லாரும் அன்றே விஞ்ஞானிகள்' என்று எழுதிவிட்டுப் போவது எளிது. கைதட்டலும் கிடைக்கும். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. விஞ்ஞானம் என்றால் ஏன், எப்படி என்று கேட்கவும், தோற்றுப்போகும் சோதனையைத் திரும்பச் செய்யவும், கண்டதை எழுதி வைக்கவும், எழுதியதை இன்னொருவர் படித்து மறுக்கவும் வழி வேண்டும். நம் முன்னோர்களுக்குக் கைத்திறன் இருந்தது. எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. கேள்வி கேட்கும் நேரமும் உரிமையும் மறுக்கப்பட்டிருந்தன. இதைச் சொல்லாமல் பெருமை மட்டும் பேசினால் சாதி செய்த திருட்டை நாமே மூடி மறைப்பதாகிவிடும்.

இதை நம் ஆட்கள் மட்டும் சொல்லவில்லை. இந்திய நவீன வேதியியலின் தந்தை என்று பாடநூல்கள் போற்றுகிற பிரபுல்ல சந்திர ராய் சொன்னார். அவர் வங்காளத்துக் காயஸ்தர், நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். 'இந்து வேதியியலின் வரலாறு' என்று இரண்டு தொகுதிகள் எழுதினார். முதலாவது 1902இல் வந்தது, இரண்டாவது 1909இல். பெயரைப் பார்த்துவிட்டுப் பழம்பெருமை பேசுகிறவர்கள் இன்றும் அந்த நூலைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அவர்களில் பலர் அதில் அறிவியல் உணர்வின் வீழ்ச்சி பற்றிய பகுதிவரை போனதில்லை என்பது எங்கள் சந்தேகம். ஏனென்றால் அங்கே ராய் சாதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார். கைத்தொழில்கள் தாழ்த்தப்பட்ட சாதிகளிடம் தள்ளப்பட்டு, பரம்பரைத் தொழிலாக்கப்பட்டன. படித்த வர்க்கம் கைவேலையிலிருந்து முற்றாக விலகிக்கொண்டது. எனவே ஏன், எப்படி என்ற ஆராய்ச்சி இந்த மண்ணில் செத்துப்போனது என்பதே அவர் வாதத்தின் சாரம். சாதி உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பாளர்களையே பிரித்தது என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். அறிவு ஒரு தெருவில், கை இன்னொரு தெருவில்.

இரண்டும் சந்திக்க முயன்ற ஓர் இடம் நமக்குப் பக்கத்திலேயே உண்டு. கோலார் தங்கவயல். பாலாற்றங்கரைச் சேரிகளில் தங்கவயலில் உறவு இல்லாத தெருவைக் காண்பது கடினம். 1880களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் சுரங்கம் வெட்டத் தொடங்கியபோது வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைக்கும் தப்பி ரயிலேறியவர்களில் பெரும்பகுதி நம் மக்கள்.

12ஆம் வகுப்பு வேதியியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே உலோகவியல். அதில் தங்கத்தைச் சயனைடு வேதிக்கழுவுதல் மூலம் பிரிப்பது வரும். பொடியாக்கிய தாதுவை நீர்த்த சயனைடு கரைசலில் போட்டுக் காற்றைச் செலுத்தினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் துணையோடு தங்கம் சயனைடோடு சேர்ந்து கரையும் அணைவாக மாறும். அதில் துத்தநாகத்தைப் போட்டால் துத்தநாகம் கரைசலுக்குள் போகும், தங்கம் வெளியே படியும். இரண்டு சமன்பாடுகள், பொதுத்தேர்வில் சில மதிப்பெண்கள். கிளாஸ்கோவைச் சேர்ந்த மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887இல் காப்புரிமை பெற்ற முறை இது. அது தங்கவயலுக்கு வந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்தில் பாறையை உடைத்து மேலே அனுப்பியவர்கள் நம்மவர்கள். ஆலையில் மாவாக அரைத்த மண்ணைச் சயனைடு தொட்டிக்குச் சேர்த்தவர்கள் நம்மவர்கள். பாறைத் தூசியில் நுரையீரல் கல்லாகிச் செத்தவர்களும் நம்மவர்கள்தான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போய்விட்டது, சயனைடு கழுவிய மண் மட்டும் மலை மலையாக ஊருக்கு நடுவில் நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி இன்றும் வீட்டுக்குள் வருகிறது. இந்த மலைகளைப் பற்றிப் பாடத்தில் ஒரு பெட்டிச் செய்தியாவது போட்டிருக்கலாம்.

ஆனால் நாங்கள் தங்கவயலைச் சொல்ல வந்தது துயரத்துக்காக மட்டும் இல்லை. பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த இயக்கம் அங்கேதான் ஆழ வேரூன்றியது. மாரிகுப்பம் கிளை அதன் வலுவான கிளைகளில் ஒன்று. 1907இல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழை, 1914இல் அவர் மறைந்த பிறகு, 1926இல் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார் ஜி. அப்பாதுரையார். சுரங்கத் தொழிலாளிகளின் காசில் நடந்த பத்திரிகை. இந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் பேராசிரியர் பி. லட்சுமி நரசு. 'பௌத்தத்தின் சாரம்' என்ற அவர் நூல் 1907இல் வந்தது. அதை 1948இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்து முன்னுரையும் எழுதியவர் அம்பேத்கர். 1922இல் சாதி பற்றி ஒரு தனி ஆய்வு நூலும் நரசு எழுதினார். அவர் எந்தப் பாடம் நடத்தினார் தெரியுமா? சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும்!

இது தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. வேதம் சொன்னது, மனு சொன்னது, பெரியவர் சொன்னது என்பதையெல்லாம் ஏற்காமல், சோதித்துப் பார்த்துத்தான் நம்புவேன் என்கிற பழக்கத்தை ஒருவர் ஆய்வுக்கூடத்திலும் கற்கலாம், புத்தரிடமும் கற்கலாம். நரசு இரண்டு இடத்திலும் கற்றார். சயனைடு தொட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்த தொழிலாளியும் வேதியியல் பேராசிரியரும் ஒரே இயக்கத்தில் இருந்தார்கள். கையும் புத்தகமும் அவ்வளவு அருகில் வந்தன. அந்தத் தொழிலாளியின் பிள்ளை கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குள் நுழையத்தான் வழி இல்லை. காசு இல்லை என்பது முதல் காரணம்.

இந்தக் காசு விஷயத்தை அரசாங்கத்தின் மேசையில் கொண்டுபோய் வைத்தவர் அம்பேத்கர். பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அவரைத் தீண்டத்தகாதவர் என்று மறுத்தார்கள். பாரசீகம் எடுக்க வேண்டியதாயிற்று. 'உனக்கு இந்தப் பாடம் எதற்கு' என்கிற வார்த்தை அவருக்குப் புதிதில்லை. 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் சேர்ந்தவர், அதே ஆண்டு அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளை விரிவாக எழுதி வைஸ்ராய் லின்லித்கோவிடம் கொடுத்தார். அதில் கல்வி பற்றிய பகுதியை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் நம் மக்களுக்குப் பெரிய பயன் தராது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்நிலைக் கல்விதான் கைகொடுக்கும் என்று அங்கே வாதிடுகிறார். இதை எழுதியவர் சட்டம் படித்தவர், பொருளாதாரம் படித்தவர்! நம் பிள்ளைகள் கலைப்பிரிவுக்குப் போவது விருப்பத்தால் இல்லை, அறிவியல் படிப்பின் செலவு அவர்கள் சக்திக்கு மீறியது என்பதால்தான் என்றும், அரசு உதவாவிட்டால் அந்தக் கதவு என்றைக்கும் திறக்காது என்றும் எழுதுகிறார். இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், வெளிநாட்டில் படிக்க 1 லட்சம் என்று தொகையையும் குறிப்பிட்டுக் கேட்கிறார். 1944இல் மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது.

இன்று 11ஆம் வகுப்பில் சேரும் நம் பிள்ளைகளுக்கு உரிய 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகை அந்தத் திட்டத்தின் தொடர்ச்சிதான். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதை வாங்கும்போது யாரிடமும் கைகட்டி நிற்காதீர்கள்.

தமிழ்நாட்டில் 1978 ஒரு முக்கியமான ஆண்டு. அதற்கு முன்பு பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். கல்லூரி நகரத்தில் இருக்கும், விடுதி வேண்டும், வேட்டி சட்டை வேண்டும். 1978இல் பிளஸ் டூ வந்ததும் சோதனைக் குழாயும் பியூரெட்டும் ஊர்ப்பக்கத்துப் பள்ளிக்கே வந்தன. நம் தெருக்களில் முதல் தலைமுறை மருத்துவர்களும் பொறியாளர்களும் ஆசிரியர்களும் வந்த வழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் ஆய்வுக்கூடம் வந்ததென்றால் எல்லாக் கைக்கும் வந்தது என்று அர்த்தம் இல்லை. பழைய 200 மதிப்பெண் முறையில் வேதியியல் செய்முறைக்கு 50 மதிப்பெண். அந்த 50 ஆசிரியர் கையில். "பிராக்டிகல்ல கை வச்சிருவேன்" என்ற மிரட்டலைக் கேட்காத தலித் மாணவர் எங்கள் தலைமுறையில் குறைவு. பள்ளிக் கழிவறை கழுவ மட்டும் யாரை அனுப்ப வேண்டும் என்பதில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

கதவு கொஞ்சம் திறந்ததும் அதற்கு மேலே இன்னொரு கதவு. 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பாதகம் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடிய பிறகு 2007இல் போனது. 2017இல் நீட் வந்தது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா 1200க்கு 1176 எடுத்தவர். வேதியியலில் 200க்கு 199. அவர் அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். 'கெமிஸ்ட்ரி உனக்கு வராது' என்று சொல்ல முடியாத ஒரு மதிப்பெண்ணை அனிதா எடுத்துக் காட்டினார். உடனே அந்த மதிப்பெண்ணே செல்லாது என்றார்கள். அவரை நாம் இழந்தோம். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்குப் பின்னால் அந்த இழப்பு இருக்கிறது.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். அவர் மகள் இப்போது 11ஆம் வகுப்பில் முதல் குரூப். முதல் பாடம் வேதிக் கணக்கீடுகள், மோல், மூலக்கூறு நிறை. வழக்கமாக இந்தப் பாடத்தில்தான் பிள்ளைகள் மிரண்டு ஓடுகிறார்கள். எங்கள் படிப்பகத்தில் ஞாயிறு வகுப்பில் அதை வேறு மாதிரி தொடங்கினோம். ஹைட்ரஜன் சல்பைடின் மூலக்கூறு நிறையைக் கணக்கிடச் சொன்னோம். ஹைட்ரஜன் இரண்டு, கந்தகம் 32. மொத்தம் 34. பிறகு காற்று. நைட்ரஜன் 28, ஆக்சிஜன் 32, இருக்கிற விகிதத்தில் சராசரி பார்த்தால் ஏறக்குறைய 29. எது கனம்? குழிக்குள் எது அடியில் தங்கும்?

வகுப்பு அமைதியாகிவிட்டது. அங்கே இருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் யாராவது தொட்டியில் இறங்கியவர்கள்.

பாடநூல் அந்த வாயுவுக்கு 'அழுகிய முட்டை நாற்றம்' என்று ஒரு அடையாளம் தருகிறது. உப்புப் பகுப்பாய்வில் சல்பைடு உப்பின் மேல் நீர்த்த அமிலம் விட்டால் அந்த நாற்றம் வரும், காரீய அசிட்டேட்டில் நனைத்த தாள் கறுக்கும். தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியிலும் இதேதான் நடக்கிறது: சல்பைடுத் தொட்டியின் கழிவோடு அமிலத் தொட்டியின் கழிவு சேர்ந்தால் அதே வினை, டன் கணக்கில். பாக்டீரியாக்கள் தம் பங்குக்குக் கழிவிலிருந்து அதே வாயுவை உண்டாக்குகின்றன. மதிப்பெண்ணுக்காகப் படிக்கும்போது சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு. செறிவு 100 பி.பி.எம். அளவை எட்டும்போது இந்த வாயு மோப்ப உணர்வை மரத்துப்போகச் செய்துவிடுகிறது. நாற்றம் தெரியாது. வாயு இருக்கும். 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் சாய்வார். செய்தித்தாளில் 'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்று வரும். அந்த விஷவாயுவுக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு நிறை உண்டு, அதை அளக்கச் சட்டைப்பையில் அடங்கும் கருவி உண்டு என்று செய்தி சொல்லாது. ஏதோ பேய் அடித்தது போல எழுதிவிட்டுப் போவார்கள்.

சட்டம் இருக்கிறது. 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, 36ஆம் பிரிவு சொன்னது: வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஆளை இறக்கும் முன், தகுதியுள்ள ஒருவர் சோதித்துப் பார்த்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் சுவாசக் கருவியும், இடுப்பில் கட்டிய கயிறும், அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி வெளியே ஓர் ஆளும் வேண்டும். சாக்கடைக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு. அவற்றில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இந்தச் சட்டங்களுக்காகப் போராடிய பெஜவாடா வில்சனும் தங்கவயலில் பிறந்தவர்தான். பூமிக்கடியில் அத்தனை தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்த அந்தச் சுரங்க நகரத்தில், மேலே உலர் கழிப்பிடங்களை மனிதர்கள் கையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைய வகுப்பு முடியும் நேரத்தில் அந்த அம்மா மகளைக் கூட்டிப்போக வந்தார். பாப்பா கரும்பலகையில் இருந்த 34ஐயும் 29ஐயும் காட்டி அம்மாவுக்குச் சொன்னாள். நாற்றம் நின்றுபோவது பற்றியும் சொன்னாள். அவர் பேசாமல் கேட்டார். பிறகு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"நாத்தம் அடங்கிச்சுன்னா நல்லதுன்னுதாண்ணா பதினாறு வருசமா நெனச்சினு இருக்கோம். எங்க மேஸ்திரி அத வச்சுத்தான் ஆம்பளைங்கள எறக்குவாரு" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவர் திரும்பி மகளிடம் கேட்டார்: "அடுத்த ஞாயித்துக்கெழம டிரம்மு ஆளுங்க நாலு பேர இட்டாறேன். இதையே அவங்களுக்கும் சொல்றியா?"